நகாதாவைத் தேடி ஐந்து நாள்: பெருஜா, பார்மா, ரோம்

முதல் நாள்: சாங்கியிலிருந்து தோஹா வழியாக ரோம்

ஜொகூர் பாருவில் பிறந்தவர்களுக்கு ஒரு சிறிய சலுகை உண்டு. காற்பந்து பார்க்கும் நடுத்தர வயது ஜப்பானியர் ஒருவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். நம்மை ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைப் போல அவர் பார்க்கத் தொடங்கிவிடுவார். 1997 நவம்பர் 16ஆம் நாள் எங்கள் ஊரின் லார்கின் அரங்கில்தான் ஜப்பான் ஈரானை 3-2 என்று வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குள் நுழைந்தது. கூடுதல் நேரத்தின் 118ஆம் நிமிடத்தில் ஒகானோ அடித்த கோல்டன் கோல்தான் (முதலில் அடிப்பவருக்கே வெற்றி என்ற அக்கால விதி) ஆட்டத்தை முடித்தது என்றாலும், அந்தக் கோலுக்கு வழிவிட்டது இருபது வயது ஹிதெதோஷி நகாதா அடித்து, ஈரானின் கோல் காவலர் தடுத்துத் தெறிக்கவிட்ட பந்து. முதல் இரண்டு கோல்களுக்கும் பந்தைக் கொடுத்தவர் அவரே.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நுழைவுச்சீட்டு கிடைக்கவில்லை. அரங்கத்திற்கு நடந்து போகும் தொலைவில் வீடு இருந்ததால் ஒரு விந்தை நேர்ந்தது: ஜன்னல் வழியே ஆரவாரம் முதலில் வரும், தொலைக்காட்சியில் கோல் அதன் பிறகே விழும். அப்பா அன்றிரவு தம் வேனில் ஜப்பானிய ரசிகர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பியவர், "எல்லாரும் அழுகிறார்களப்பா, தோற்றுவிட்டார்கள் போலிருக்கிறது" என்றார். வென்றவர்கள் அவர்கள்தான் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இந்தப் பயணத்தில் விமானம் மாறும் இடமாகத் தோஹா அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்தக் கண்ணீருக்கு மூலம் தோஹா. 1993 அக்டோபர் 28ஆம் நாள் இந்நகரில்தான் ஈராக் கடைசி நொடிகளில் கோல் அடித்து ஆட்டத்தை 2-2 என்று சமன் செய்து, ஜப்பானின் உலகக் கிண்ணக் கனவைக் கலைத்தது. ஜப்பானியர்கள் அதைத் 'தோஹாவின் துயரம்' என்றும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் எங்கள் ஊரில் நடந்ததை 'ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி' என்றும் அழைக்கிறார்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தபோது இதையெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

நகாதா 29 வயதில் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் பயிற்றுநராகவோ தொலைக்காட்சி விமர்சகராகவோ நிலைகொள்ளாமல், ஆட்டத்தை விட்டே விலகியவர். அப்படிப்பட்டவரின் புகழ் அவர் ஆடிய இத்தாலிய ஊர்களில் எந்த வடிவில் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இன்றிரவு ரோமில் உறக்கம். நாளைக் காலை பெருஜா.

இரண்டாம் நாள்: பெருஜா

தெர்மினி நிலையத்திலிருந்து பெருஜாவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேர ரயில் பயணம். நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. பழைய நகரம் உச்சியில். இரண்டையும் இணைப்பது 'மினிமெட்ரோ' என்ற, ஓட்டுநர் இல்லாத, கம்பிவடம் இழுத்துச் செல்லும் சிறு பெட்டி. அது 2008இல் வந்தது. நகாதா இருந்த காலத்தில் இந்த வசதி கிடையாது. அவரைப் பார்க்க வந்த கூட்டமெல்லாம் பேருந்திலும் நகரும் படிகளிலும்தான் ஏறி வந்திருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இவ்வூரில் பேச்சு. கோர்சோ வனூச்சி என்ற கடைத்தெருவில், பதின்மூன்றாம் நூற்றாண்டு நீரூற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு காப்பிக் கடையில் பசியாறினேன். கடையின் மூத்தவருக்கு எழுபது வயதிருக்கும். நகாதா என்றதும் அவர் கைகளை விரித்து, ஒரு பேருந்தின் நீளத்தைக் காட்டினார். சுற்றுலா நிறுவனங்கள் ஜப்பானியர்களைப் பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்கினவாம். ஆட்டம் இல்லாத நாள்களிலும் பயிற்சித் திடலின் வேலிக்கு வெளியே கூட்டம் நின்றதாம். "எங்கள் ஊரில் அயல்நாட்டவருக்கு இத்தாலிய மொழி கற்பிக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்க வருகிற ஜப்பானியர்களை எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் இவர்கள் வேறு. இவர்கள் மொழி கற்க வரவில்லை, சட்டை வாங்க வந்தார்கள்" என்றார். சட்டை என்று அவர் சொன்னது ஏழாம் எண் பொறித்த சிவப்பு ஜெர்சியை.

இதை நான் எள்ளலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1998இல் இத்தாலியே எள்ளலோடுதான் இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் ஜப்பானின் மிகப் பெரிய நட்சத்திரமான கஸுயோஷி மியுரா ஜெனோவா அணிக்கு வந்து, ஒரு பருவம் ஆடி, ஒரே ஒரு கோலுடன் திரும்பியிருந்தார். விளம்பரதாரர்களின் பணத்துக்காகவே அவர் கொண்டுவரப்பட்டார் என்ற பேச்சு பரவலாக இருந்தது. ஆகவே பெருஜாவின் தலைவர் லூச்சானோ கவுச்சி, பிரான்ஸ் உலகக் கிண்ணத்தில் முடியை மஞ்சளாக்கிக்கொண்டு ஆடிய 21 வயது இளைஞரை வாங்கியபோது, அவர் ஓர் ஆட்டக்காரரை வாங்கவில்லை, ஒரு சந்தையை வாங்குகிறார் என்றே பலரும் நினைத்தார்கள். கவுச்சியின் மனத்திலும் அந்தக் கணக்கு இல்லாமலில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1998 செப்டம்பர் 13ஆம் நாள், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரில் நின்றது நடப்பு வெற்றியாளரான யுவென்டஸ். பெருஜா மூன்று கோல்கள் பின்தங்கியது. இரண்டாம் பாதியில் நகாதா சில நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் 3-4 என்று தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் மறுநாள் முதல் சந்தைப் பேச்சை யாரும் அதே தொனியில் பேச முடியவில்லை. அந்தப் பருவத்தில் அவர் லீக்கில் 33 ஆட்டங்கள் ஆடி 10 கோல்கள் அடித்தார்; நடுத்திடல்காரருக்கு, அதுவும் அடுத்த நிலை லீக்குக்குக் கீழிறக்கப்படுவதற்கு அஞ்சிக்கொண்டிருந்த ஓர் அணியில், இது பெரிய எண்ணிக்கை. பெருஜா கீழிறங்காமல் தப்பியது.

மூத்தவரிடம் அந்த முதல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். நேரில் பார்த்தாராம். ஆனால் கோல்களை அவர் விவரிக்கவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் ஒளிப்படக் கருவிகள் மின்னியதைத்தான் விவரித்தார்.

மூன்றாம் நாள்: பெருஜா, ரெனாதோ கூரி அரங்கம்

இன்று சனிக்கிழமை. மினிமெட்ரோவின் கடைசி நிறுத்தமான பியான் தி மாசியானோவில் வாரச்சந்தை கூடியிருந்தது. அதன் பக்கத்திலேயே அரங்கம். 1977 அக்டோபர் 30ஆம் நாள் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே திடலிலேயே சரிந்து இறந்த 24 வயது ரெனாதோ கூரியின் பெயரைத் தாங்கியது. அதற்கு அடுத்த பருவத்தில், 1978-79இல், பெருஜா ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இரண்டாம் இடம் பிடித்தது. இவ்வூர்க்காரர்கள் நெஞ்சில் வைத்திருப்பது இவற்றைத்தான் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சந்தையில் காய்கறி வாங்க வந்திருந்த ஒருவரிடம் கூரி பற்றிக் கேட்டால் குரல் தாழ்கிறது. 2000 மே மாதத்தில் கொட்டும் மழையில் யுவென்டஸை 1-0 என்று வீழ்த்தி, லீக் கிண்ணம் அவர்கள் கைக்குப் போகாமல் செய்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நகாதா பற்றிக் கேட்டால் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்கிறார்கள். வீட்டில் சில காலம் குடியிருந்து, வாடகையைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போன விருந்தாளியைப் பற்றிய பேச்சு அது.

எனக்குச் சிறிது ஏமாற்றம்தான். ஒன்றரைப் பருவம் மட்டுமே ஆடிவிட்டு 2000 ஜனவரியில் ரோமாவுக்குப் போய்விட்ட ஒருவரிடம் ஓர் ஊர் இதற்குமேல் என்ன வைத்துக்கொள்ள முடியும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அவரும் நெருங்கிப் பழகும் இயல்புடையவர் அல்லர். ஜப்பானிய இதழாளர்களோடு ஏற்பட்ட கசப்பினால் 1998இலேயே தமக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கி, சொல்ல வேண்டியதை ரசிகர்களுக்கு நேரே எழுதினார். இன்று எல்லா ஆட்டக்காரர்களும் செய்வது அதுதான். அன்றைக்கு அது செய்தியாளர்களின் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். சாத்திய கதவுக்கு வெளியே நிற்கும் கூட்டம் மேலும் பெருகத்தானே செய்யும்?

கவுச்சிதான் அந்தக் கூட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை. நகாதா போன பிறகு தென்கொரியாவிலிருந்து ஆன் ஜங்-ஹ்வானையும் சீனாவிலிருந்து மா மிங்யூவையும் கொண்டுவந்தார். லிபியத் தலைவரின் மகன் சாதி கடாபியையும்கூட 2003இல் சேர்த்தார். ஒன்றும் பழையபடி பலிக்கவில்லை. 2002 உலகக் கிண்ணத்தில் ஆன் ஜங்-ஹ்வான் கோல்டன் கோல் அடித்து இத்தாலியை வெளியேற்றியபோது, அவர் இனி பெருஜாவில் கால் வைக்க வேண்டாம் என்று கவுச்சி கொதித்தது உலகறிந்த கதை. 2005இல் சங்கமே திவாலானது. கவுச்சி டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டு 2020இல் அங்கேயே காலமானார். பேருந்துகளைக் கொண்டுவந்தது 'ஆசியா' என்று அவர் நினைத்தார். யுவென்டஸுக்கு எதிரான அந்த இரண்டு கோல்கள்தான் கொண்டுவந்தன.

சந்தையில் பழைய ஏழாம் எண் ஜெர்சி கிடைக்குமா என்று தேடினேன். துணிக்கடைக்காரர், ஜப்பானியர்கள் ஒன்றுகூட விடாமல் அள்ளிப் போய்விட்டார்கள் என்றார். சாக்காக இருக்கலாம்; நம்ப விரும்பினேன்.

நான்காம் நாள்: பெருஜாவிலிருந்து பார்மா

மூன்று ரயில்கள் மாற வேண்டிய நாள். அதில் ஒன்றைத் தவறவிட்டேன்; தவறு என்னுடையதே. ஃபிளாரன்ஸ், பொலோனியா, பார்மா என்ற வரிசையில் வழி போகிறது. மூன்றும் நகாதா ஆடிய ஊர்கள், ஆனால் அவர் ஆடியது தலைகீழ் வரிசையில்: 2001இல் பார்மா, 2004இன் தொடக்கத்தில் கடனாகப் பொலோனியா, அதே ஆண்டில் ஃபிளாரன்ஸின் ஃபியோரென்தினா. பிறகு இங்கிலாந்தின் போல்டன். அதோடு முடிந்தது.

பார்மா அவரை நினைப்பது விலையால். 2001 கோடையில் இவ்வணி கோல் காவலர் புஃபோனையும் தடுப்பாட்டக்காரர் துராமையும் யுவென்டஸுக்கு விற்றுவிட்டு, ஏறத்தாழ 2.8 கோடி யூரோ கொடுத்து நகாதாவை வாங்கிப் பத்தாம் எண்ணைக் கொடுத்தது. ஆசிய ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட மிக உயர்ந்த தொகை என்ற நிலை 2015இல் சன் ஹியுங்-மின் டாட்டன்ஹாமுக்குப் போகும்வரை நீடித்தது. தார்தினி அரங்கத்தின் வாசலில் நின்றிருந்த இளைஞரிடம் கேட்டேன். "என் தந்தை இன்றைக்கும் திட்டுவார்" என்றார் சிரித்துக்கொண்டே. புஃபோனை விற்ற கோபத்தை யார் மீதாவது காட்ட வேண்டுமல்லவா? 2002 இத்தாலியக் கிண்ண இறுதியின் முதல் சுற்றில் 2-1 என்று தோற்ற பார்மாவுக்கு அந்த ஒற்றைக் கோலை யுவென்டஸின் திடலில் அடித்தவர் நகாதா. மறு சுற்றில் 1-0 என்று வென்று மொத்தக் கணக்கை 2-2 என்று சமன் செய்த பார்மா, எதிரித் திடலில் அடித்த அந்தக் கோலின் பலத்தில்தான் கிண்ணத்தைத் தூக்கியது. இளைஞருக்கு இது தெரியவில்லை. தந்தையிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னாலும் மனம் மாறமாட்டார் என்றார்.

ரயிலில் வரும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது 2006ஐ. ஜூன் 22ஆம் நாள் டோர்ட்முண்டில் பிரேசிலிடம் 4-1 என்று தோற்று ஜப்பான் உலகக் கிண்ணத்திலிருந்து வெளியேறியது. எல்லோரும் உள்ளே போன பிறகும், நகாதா நடுவட்டத்தில் மல்லாந்து படுத்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். ஏன் என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. ஜூலை 3ஆம் நாள், தம் இணையத்தளத்தில், 'வாழ்க்கை என்பது பயணம், பயணம் என்பது வாழ்க்கை' என்ற தலைப்பிட்டு ஓய்வை அறிவித்தார். செய்தியாளர் கூட்டம் இல்லை, விடைபெறும் ஆட்டம் இல்லை. 77 ஆட்டங்கள், 11 கோல்கள் என்று நாட்டுக்கான கணக்கு அங்கே நின்றது.

அதன் பிறகு அவர் பல நாடுகளைச் சுற்றினார். திரும்பி வந்து ஜப்பானின் 47 மாவட்டங்களுக்கும் பயணம் செய்து, மண்பாண்டக் கலைஞர்களையும் அரிசி மதுவான சாகே வடிப்பவர்களையும் தேடித் தேடிப் பார்த்தார். இப்போது அவர் பெயர் சாகேவோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அதற்கென ஒரு நிறுவனமும், தோக்கியோவின் ரொப்போங்கி ஹில்ஸில் ஒரு சாகே விழாவும் அவர் முயற்சியில் உண்டானவை. அவருடைய ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத இளையோர் அவரை மது அறிந்தவர் என்றே அறிகிறார்கள் என்று ஜப்பானிய நண்பர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை. முழங்கால் தேய்ந்த பிறகும் விடாமல் ஆடி, நம் கண் முன்னே மெல்ல மங்கிப்போன ஆட்டக்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம். நகாதாவின் மங்கிய காலம் என்று ஒன்று யார் நினைவிலும் அதிகம் இல்லை. அதைப் பார்க்கும் வாய்ப்பை அவர் நமக்குக் கொடுக்கவில்லை.

இரவு கீரையும் பாலாடையும் அடைத்த தோர்தெல்லி சாப்பிட்டேன். பார்மாவில் பன்றி இறைச்சி இல்லாமல் ஒரு தட்டை வரவழைக்கச் சற்றுப் பேச வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள்: ரோம்

பொலோனியாவில் மாறி, மதியத்துக்குள் ரோம் வந்துவிட்டேன். விமானம் இரவில். பையைத் தங்குவிடுதியில் வைத்துவிட்டு, பழைய இறைச்சிக்கூடம் இருந்த, ரோமா அணியின் முற்காலத் திடலும் அமைந்திருந்த தெஸ்தாச்சோ பகுதிக்குப் போனேன். சுவர்களில் ரோமாவின் நாயகன் டோட்டியின் முகம். அடுத்த சுவரிலும் டோட்டியின் முகம். நகாதாவுக்கு இந்நகரில் நேர்ந்த சிக்கலும் அதுவே: அவர் ஆடும் இடத்தில் ஏற்கெனவே டோட்டி இருந்தார். பயிற்றுநர் கப்பெல்லோவின் அணியில் அவர் பெரும்பாலும் ஓரத்து இருக்கையில்தான் அமர்ந்திருந்தார்.

அதற்கு இன்னொரு காரணம் விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களில் மூன்று பேரைத்தான் ஓர் ஆட்டத்தில் இறக்கலாம் என்று இத்தாலியில் வரம்பு இருந்தது. பிரேசில், அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் நிறைந்த ரோமாவில் நகாதாவுக்கு இடம் கிடைப்பது அரிது. 2001 மே மாதத் தொடக்கத்தில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அடுத்து வந்த ஆட்டம், மே 6ஆம் நாள், தூரினில், பட்டத்துக்காக விரட்டிக்கொண்டிருந்த யுவென்டஸுக்கு எதிராக.

தெஸ்தாச்சோவின் காப்பிக் கடையொன்றில் அந்த ஆட்டத்தைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நகாதா என்ற பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மேடையைத் துடைத்துச் சுத்தமாக்கினார். இரண்டு சாசர்களை எதிரெதிராக வைத்தார். அவை கோல் கம்பங்கள். ஆறு நிமிடத்துக்குள் யுவென்டஸுக்கு டெல் பியரோ ஒன்று, ஜிதான் ஒன்று என்று சொல்லி இரண்டு கரண்டிகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். பிறகு ஒரு பெரிய கோப்பையைத் தூக்கி மேடைக்கு அடியில் வைத்தார். அதுதான் டோட்டி, கப்பெல்லோ அவரை வெளியே எடுத்துவிட்டார். "டோட்டியை எடுக்கிறார்! நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினோம்." அவருக்குப் பதிலாக ஒரு சீனிப் பொட்டலம் உள்ளே வந்தது. அந்தச் சீனிப் பொட்டலம் நகாதா.

79ஆம் நிமிடத்தில் பெட்டிக்கு வெகு வெளியே பந்து கிடைக்கிறது. பொட்டலம் இரண்டு அடி முன்னேறுகிறது. ஒரு காப்பிக்கொட்டை சுண்டப்பட்டு, சாசரின் மேல்மூலையைத் தாண்டி இயந்திரத்தின் பின்னால் விழுகிறது. 2-1. ஆட்டம் முடியும் தறுவாயில் மீண்டும் பொட்டலம் அடிக்கிறது. யுவென்டஸின் கோல் காவலர் வான் டெர் சார் பிடிக்க முடியாமல் தட்டிவிடுகிறார். ரோமாவின் மொந்தெல்லா ஓடிவந்து உள்ளே தள்ளுகிறார். 2-2. பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இருவரும் அந்த இரண்டாவது கோலைத் தாங்களே முன்வந்து சேர்ந்து சொன்னார்கள்.

பருவம் முடிந்தபோது ரோமா 75 புள்ளிகள், யுவென்டஸ் 73. அன்று 2-0 என்றே முடிந்து மற்றவையெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தால், யுவென்டஸ் 75, ரோமா 74. இந்தக் கணக்கைக் கடைக்காரர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். எத்தனை பேருக்கு எழுதிக் காட்டியிருப்பார் என்று தெரியாது, கை தானாக ஓடியது. அரை மணி நேர ஆட்டம்தான். பெருஜாவில் ஒன்றரைப் பருவம் ஆடியவருக்குக் கிடைக்காத இடம் அந்த அரை மணிக்கு இங்கே கிடைத்திருக்கிறது.

அந்த ஜூன் மாதத்தில் நடந்த இன்னொன்றை நான் அவருக்குச் சொன்னேன். யொகொஹாமாவில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கிண்ண அரையிறுதியில், கொட்டும் மழையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நகாதா அடித்த ஃபிரீ கிக் கோல்தான் ஜப்பானை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் பிரான்ஸுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தை ஆடாமல் அவர் ரோமுக்குப் பறந்து வந்துவிட்டார், இங்கே பட்டம் முடிவாகும் வாரங்கள் என்பதால். சொந்த நாட்டின் இறுதி ஆட்டத்தைவிட ஓரத்து இருக்கை பெரிதா என்று எனக்கு இன்றுவரை ஒரு நெருடல் உண்டு. கடைக்காரருக்கு இது புதிய செய்தி. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் அதை இத்தாலிய மொழியில் மறுபடி சொன்னார், குரலை உயர்த்தி, தாமே நேரில் கண்டவரைப் போல.

இப்போது அவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். மது வடிப்பவர்களோடு இருக்கிறார் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு காப்பியை வைத்து, திடலில் மிஞ்சிக் கிடந்த நகாதாவை எடுத்துப் பிரித்து அதில் கொட்டினார். நான் சீனி சேர்ப்பதில்லை என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் அப்பாவை அழைத்தேன். யாரைப் பற்றி இத்தனை நாள் அலைந்தாய் என்று கேட்டார். சொன்னேன். "அன்றைக்கு அழுதார்களே, அவர்கள் ஆளா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"தோற்றவர்களைத் தேடி அவ்வளவு தூரமா போனாய்?"

வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.